டம்மிக்குக் கூலி உண்டா?

சிந்தாதிரிப்பேட்டைச் சந்துகளில் அச்சகம் வைத்திருப்பவர்களிடம் பத்து நிமிடம் பேசினால் ‘டம்மி’ என்ற சொல் நாலு முறையாவது காதில் விழும். கோயில் மலர், கம்பெனி டைரி, பள்ளி ஆண்டறிக்கை என்று எதுவானாலும் அச்சேறுவதற்கு முன்னால் அதே அளவில் தாளை மடித்து, அட்டை போட்டு, உள்ளே நாலைந்து பக்கங்களைக் கலரில் எடுத்துச் செருகிக் கையில் கொடுக்கும் மாதிரிப் பிரதி அது. பார்ப்பவர் கண்ணுக்கு அரை மணி நேர வேலை. ஆனால் எத்தனை ஜிஎஸ்எம் தாள், மொத்தம் எத்தனை ஃபாரம், எந்த அளவில் வெட்டினால் தாள் வீணாகாது, தலைப்புக்கு எந்த எழுத்து, படம் எங்கே, வெற்றிடம் எங்கே என்று எல்லாம் முடிவான பிறகுதான் டம்மி கைக்கு வரும். புத்தகத்தின் மூளை வேலை அதோடு முடிந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது மெஷின் வேலை.

பார்ட்டி அதைப் புரட்டிப் பார்ப்பார். “நல்லா இருக்கு. கமிட்டியில காட்டிட்டு ரெண்டு நாள்ல சொல்றேன்” என்று எடுத்துக்கொண்டு போவார்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் லேஅவுட் செய்துகொண்டிருந்த அச்சகத்துக்கு ஓர் அமைப்பு தன் வெள்ளிவிழா மலருக்கு ரேட் கேட்டு வந்தது. மூன்று இரவு உட்கார்ந்து டம்மி செய்தேன். எடுத்துப் போனவர்களிடமிருந்து பதில் இல்லை. போன் செய்தால் கமிட்டி கூடவில்லை என்றார்கள். இரண்டு மாதம் கழித்து அந்த மலர் வேறு ஒரு அச்சகத்திலிருந்து வெளிவந்து என் கைக்கும் வந்தது. அதே அட்டை, அதே பத்தி அமைப்பு. அவசரத்தில் நான் ‘வெள்ளிவிழா சிறப்பு மலர்’ என்று ஒற்று விட்டு எழுதியிருந்தேன். அந்த ஒற்றுப்பிழையும் அப்படியே அச்சாகியிருந்தது. ரேட்டில் எங்களைவிடக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாராம் அந்த அச்சகக்காரர். டிசைனுக்கு உழைக்காதவரால் குறைக்க முடியும்தானே.

வேலை செய்து தருபவர்களிடம், வேலை கொடுப்பதற்கு முன்பே, கொடுப்பவர் நடந்துகொள்ளும் முறை பற்றிய கட்டுரை இது. கட்டடக்கலைஞர், பொறியாளர், தணிக்கையாளர், வழக்கறிஞர், விளம்பர நிறுவனம், திரைக்கதை எழுதுபவர் என்று அறிவை விற்றுப் பிழைக்கும் எல்லாருக்கும் இந்த அனுபவம் உண்டு. தொழில் செய்பவர் எப்படி நடக்க வேண்டும் என்பதற்குச் சட்டமும் விதியும் நிறைய இருக்கின்றன. விலை கேட்டு வருகிறவர் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு அநேகமாக ஒன்றும் இல்லை. தேடிப் பார்க்கப் பார்க்க எனக்கு உறுதியாகப்பட்டது இதுதான்.

இந்தச் சிந்தாதிரிப்பேட்டை பிறந்ததே ஒரு வாடிக்கையாளரின் தேவைக்காக. 1734இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளைந்தோடும் இந்த நிலத்தில், வணிகர் சுங்குராமரின் தோட்டம் இருந்த இடத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களையும் நூற்பவர்களையும் குடியேற்றியது. சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். கம்பெனிக்கு ஏற்றுமதிக்குத் துணி வேண்டும். நெய்பவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அன்றைய தொழில் முழுவதும் முன்பணத்தில் நடந்தது. தறியில் பாவு ஏறுவதற்கு முன் காசு நெசவாளர் கையில் இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளர்களைப் பற்றி 2001இல் நூல் எழுதிய வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி ஒரு முக்கியமான விஷயத்தை எடுத்துக் காட்டுகிறார். அந்த நூற்றாண்டின் முற்பகுதியில், நெசவாளர் நினைத்தால் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். பணம் கொடுத்த வணிகருக்கு அதே சுதந்திரம் இல்லை. கொடுத்ததை அவர் நினைத்தபோது திருப்பிக் கேட்க முடியாது. பின்னால் கம்பெனி கையில் ஆட்சியதிகாரம் வந்து, அந்த வலுவை வைத்து நெசவாளரின் பேரத்தை ஒடுக்கியது.

தறிச் சத்தம் ஓய்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. அந்த முன்பணம் செய்த காரியத்தை மட்டும் நினைத்துப் பாருங்கள். வேலை தொடங்கும் முன் கேட்பவரின் காசும் களத்தில் இறங்கிவிடும். கேட்டுவிட்டுக் காணாமல் போனால் நஷ்டம் அவருக்கும்தான். இன்றைய டம்மியிலும் விலைப்புள்ளியிலும் களத்தில் இருப்பது ஒருவருடைய உழைப்பு மட்டுமே.

கேட்பவர் செய்யும் தவறுகள் பல வகை. மிகச் சாதாரணமானது ஒருவர் கொடுத்த ரேட்டை இன்னொருவரிடம் காட்டிக் குறைக்கச் சொல்வது. “அவங்க இவ்வளவுக்குத் தர்றாங்க, நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்பதைச் சாமர்த்தியம் என்றே பலர் நினைக்கிறார்கள். காய்கறிக் கடையில் அது பேரம். கத்தரிக்காயைப் பார்த்து விலை சொல்லக் கடைக்காரர் இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. ஒரு பொறியாளரின் மதிப்பீட்டில் எந்தக் கம்பி, எத்தனை ஆள், எத்தனை நாள் என்ற அவருடைய தொழிலறிவு முழுவதும் இருக்கிறது. அந்தத் தாளைப் போட்டியாளர் கையில் கொடுப்பது அவர் நம்பிக் கொடுத்ததை விற்பதற்குச் சமம்.

அடுத்தது மூன்று கொட்டேஷன் விவகாரம். அலுவலகக் கோப்பில் மூன்று விலைப்புள்ளிகள் இருக்க வேண்டும் என்பது வழக்கம். நல்ல நோக்கத்தில் வந்த வழக்கம்தான். நடைமுறையில் வேலை யாருக்கு என்று முன்பே முடிவாகியிருக்கும். “இன்னும் ரெண்டு லெட்டர்ஹெட்ல நீங்களே வாங்கிக் குடுத்துடுங்க” என்று சொல்பவர் கேட்பவர்தான். அச்சகக்காரர் பக்கத்துக் கடை நண்பரிடம் வாங்கிக் கொடுப்பார். நாளை அந்த நண்பருக்கு இவர் கொடுப்பார். நாங்களும் கொடுத்திருக்கிறோம். அதைவிட மோசமானது, விஷயம் தெரியாத மூன்றாவது ஆளை உண்மையான போட்டி என்று நம்பவைத்து, கோப்பை நிரப்புவதற்காகவே அவரிடம் மெனக்கெட்டு விலை வாங்குவது. அவர் அந்த வேலைக்காக ஆள் ஒதுக்கிவைப்பார், தாள் விலை விசாரிப்பார், வேறு வேலையைத் தள்ளிப்போடுவார். 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் கூட்டுச் சேர்ந்து விலை கொடுப்பதைக் கடுமையாகத் தண்டிக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் கண் முதலில் விழுவது விலை கொடுத்தவர்கள் மேல். கேட்டு வாங்கியவர் பெரும்பாலும் படத்திலேயே இருப்பதில்லை.

கருத்தைத் திருடுவதுதான் இவை எல்லாவற்றிலும் ஆழமான காயம். இந்திய நீதிமன்றங்கள் அதை எப்படிப் பார்த்திருக்கின்றன என்பதற்கு இரண்டு வழக்குகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதலாவது ஆர்.ஜி. ஆனந்த் வழக்கு. ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்ற நாடகத்தை எழுதியவர் அவர். பஞ்சாபிக் குடும்பமும் மதராஸிக் குடும்பமும் காதலால் மோதிக்கொள்ளும் கதை. படமாக்கலாம் என்று வந்தவர்களிடம் நாடகத்தை முழுவதும் விவரித்தார். பிறகு பேச்சில்லை. 1956இல் வைஜயந்திமாலா நடித்து ‘நியூ டெல்லி’ வந்தது. ஆனந்த் வழக்குத் தொடுத்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1978இல் தீர்ப்பு: கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்கே உண்டு, இரண்டுக்கும் வேறுபாடுகள் போதுமான அளவு இருக்கின்றன. ஆனந்த் தோற்றார். சட்டப்படி அந்தக் கொள்கை சரியானதே. கருத்தையெல்லாம் பூட்டிவைத்தால் இரண்டாவது காதல் கதையை யாரும் எழுத முடியாது. ஆனால் வாங்குவதாகச் சொல்லி உட்கார வைத்துக் கேட்டார்களே, அந்த நடத்தையைப் பதிப்புரிமைச் சட்டத்தால் அளக்க முடியவில்லை.

இருபத்தைந்து ஆண்டு கழித்து, 2003இல், பம்பாய் உயர் நீதிமன்றம் அதை வேறு கோலால் அளந்தது. குழந்தைக் கண்ணனை மையமாக வைத்து ஒரு தொடர் யோசனையை சன்டயல் என்ற நிறுவனம் ஜீ டெலிஃபிலிம்ஸிடம் சொல்லியிருந்தது. பின்னர் ஜீ அதே போன்ற தொடரை அறிவித்தது. சன்டயல் நீதிமன்றம் போனது. நம்பிக்கையின் பேரில் சொல்லப்பட்டதை, சொன்னவரின் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்ற அடிப்படையில், தொடரை ஒளிபரப்பத் தடை கிடைத்தது. ‘நம்பிக்கை மீறல்’ என்பது பதிப்புரிமையிலிருந்து தனித்து நிற்கும் உரிமை என்பதை நம் தொழில்களில் பலரும் இன்னும் அறியவில்லை. யோசனை திட்டவட்டமானதாகவும் புதிதாகவும் இருந்து, ரகசியமாகச் சொல்லப்பட்டது என்று காட்ட முடிந்தால், வடிவம் மாறியிருந்தாலும் கேள்வி கேட்கலாம்.

வடிவமே எடுக்கப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் தெளிவு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி வரைபடமும் கட்டட வடிவமும் கலைப்படைப்புகளே. அவற்றின் முதல் உரிமையாளர் செய்தவர். உரிமை கைமாற எழுத்தில் கையெழுத்து வேண்டும். காசும் வாங்காமல் கையெழுத்தும் போடாமல் ஒருவர் கொடுத்த டம்மி, கமிட்டியின் மேசையில் ஆறு மாதம் கிடந்தாலும் கமிட்டியின் சொத்து ஆகாது. அன்று எனக்கு இது தெரிந்திருந்தால் அந்த ஒற்றுப்பிழையையே சாட்சியாகக் கொண்டு போயிருப்பேன்.

உழைப்புக்குக் கூலி கேட்க வழி உண்டா? உண்டு, ஓர் எல்லைக்குள். இங்கிலாந்தில் 1957இல் வில்லியம் லேசி என்ற கட்டட நிறுவனத்தின் வழக்கு நடந்தது. போரில் சேதமான ஒரு கட்டடத்தைத் திருப்பிக் கட்ட விலை கொடுத்தார்கள். வேலை உங்களுக்குத்தான் என்று உரிமையாளர் நம்பவைத்தார். பிறகு புதிது புதிதாகக் கணக்குகளும் மதிப்பீடுகளும் கேட்டு வாங்கினார். போர்ச் சேத இழப்பீடு பெறவும் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டார். கடைசியில் கட்டடத்தையே விற்றுவிட்டார். ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஆனால் ஒரு கோடு போட்டது: முதலில் கொடுத்த விலைப்புள்ளிக்குக் கூலி இல்லை. அது தொழிலில் எல்லாரும் ஏற்கும் அபாயம். நம்பவைத்து அதற்கு மேல் வாங்கிய வேலைக்குத்தான் கூலி.

நம்மிடம் இதற்கு இணையானது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 70ஆம் பிரிவு. இலவசமாகக் கொடுக்கும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால் ஈடு செய்ய வேண்டும் என்கிறது அது. வங்காள மாகாண அரசின் அதிகாரி சொன்னதால் பி.கே. மண்டல் நிறுவனம் கிடங்குகளைக் கட்டிக் கொடுத்தது; முறையான ஒப்பந்தம் இல்லை என்று அரசு பணம் தர மறுத்தது. உச்ச நீதிமன்றம் 1961இல் இந்தப் பிரிவின் கீழ்தான் பணம் வாங்கிக் கொடுத்தது. எனக்கு இந்தப் பிரிவில் பிடித்தது, பலனை அனுபவித்தாயா என்று கேட்பது. டம்மியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவரை அது தொடாது. டம்மியைப் பார்த்து அச்சடித்தவரைத் தொடும்.

பெரிய பெயர் இருந்தால் இப்படியெல்லாம் நடக்காது என்று நினைத்தால் அமராவதியைப் பார்க்க வேண்டும். ஆந்திரத்தின் புதிய தலைநகருக்கான அரசு வளாகத்தை வடிவமைக்க மூன்று நிறுவனங்களை அழைத்துப் போட்டி நடத்தினார்கள்: ஜப்பானின் ஃபுமிஹிகோ மாகி, பிரிட்டனின் ரிச்சர்ட் ரோஜர்ஸ் நிறுவனம், அகமதாபாத்தின் பி.வி. தோஷி. 2016 மார்ச்சில் மாகி வென்றதாக அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் விலக்கப்பட்டு, லண்டனின் ஃபாஸ்டர் நிறுவனம் உள்ளே வந்தது. 1993இலேயே கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றவர் மாகி. அப்போது வயது 88. இந்தியக் கட்டடக்கலை மன்றத்துக்குக் கடிதம் எழுதி, இந்த நடைமுறை வெளிப்படையற்றது, நெறிக்குப் புறம்பானது என்று முறையிட்டார். அரசுத் தரப்புக்கும் அதன் காரணங்கள் இருந்திருக்கும். என் மனதைத் தைத்தது வேறு: அவர் முறையிட்ட மன்றத்துக்குக் கட்டடக்கலைஞரைத் தண்டிக்க அதிகாரம் உண்டு, அரசைத் தண்டிக்கக் கிடையாது.

அந்த மன்றத்தின் 1989ஆம் ஆண்டு தொழில்நெறி விதிகளைப் படித்தால் இது புரியும். மன்றம் ஏற்ற முறையில் நடக்கும் போட்டியைத் தவிர, வேறு கட்டடக்கலைஞர்களோடு போட்டியிட்டு ஒரு வாடிக்கையாளருக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்துக்கோ வடிவம் வரைந்து தரக் கூடாது என்று அதில் இருக்கிறது. அருமையான விதி. ஆனால் இலவசமாக வரைந்தால் குற்றம் வரைந்தவருடையது. “சும்மா ஒரு ஸ்கெட்ச் போட்டுக் காட்டுங்களேன்” என்று நாலு பேரிடம் கேட்டவருக்கு ஒன்றுமில்லை. அப்போதுதான் அலுவலகம் திறந்த இளைஞர் மாட்டேன் என்று சொன்னால் ஐந்தாவது ஆளிடம் போய்விடுவார்கள். விதியைக் காப்பாற்றும் சுமை, காப்பாற்றத் திராணி குறைந்தவர் தலையில் ஏறுகிறது.

தணிக்கையாளர்கள் கொஞ்சம் சாமர்த்தியமாக யோசித்திருக்கிறார்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன்பிருந்த தணிக்கையாளருக்குத் தெரிவிக்காமல் புதியவர் பொறுப்பேற்கக் கூடாது. முந்தையவருக்குச் சேர வேண்டிய, தகராறில்லாத தணிக்கைக் கட்டணம் பாக்கி இருந்தால் பொறுப்பை ஏற்கவே கூடாது என்று 2008ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. தணிக்கையாளர் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்குக் குறைந்தபட்சக் கட்டணம் குறிப்பிடாத டெண்டருக்கு விண்ணப்பிப்பதையும் 2016இல் தடுத்தார்கள். இவையும் உறுப்பினரைத்தான் கட்டுகின்றன. ஆனால் எல்லாரும் சேர்ந்து கட்டுப்படுவதால், ஒருவரை ஏமாற்றிவிட்டு அடுத்தவரிடம் போக நினைக்கும் நிறுவனத்துக்குக் கதவு மூடுகிறது. வழக்கறிஞர்களுக்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை. கட்டணம் தராத கட்சிக்காரரின் கோப்புகளைப் பிடித்துவைக்கும் உரிமை கிடையாது என்று 2000இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்சிக்காரரின் வழக்கு நடக்க வேண்டுமே, அது நியாயம்தான்.

தொழில்காரர்கள் ஒன்றுசேர்வதிலும் ஆபத்து உண்டு என்பதை மறைக்கக் கூடாது. உறுப்பினர்கள் விலைப் போட்டியில் இறங்கக் கூடாது என்று அமெரிக்கப் பொறியாளர் சங்கம் விதி வைத்திருந்தது. 1978இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைப் போட்டிக்கு விரோதமானது என்று தள்ளியது. கேட்பவருக்கும் ஒப்பிட்டுப் பார்க்க உரிமை உண்டு. பத்துப் பேர் கட்டிக் காத்த பணத்தில் மலர் போடும் கமிட்டி நாலு இடத்தில் விசாரிக்காமல் இருந்தால் அதுதான் தவறு.

அரசாங்கம் கேட்பவராக வரும்போது மட்டும் கொஞ்சம் கடிவாளம் இருக்கிறது. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்த டெண்டர் விட்டு, அனுபவத் தகுதி என்று தானே எழுதிய நிபந்தனையைப் பூர்த்தி செய்யாதவருக்கே விமான நிலைய ஆணையம் கொடுத்தது. தான் விதித்த நிபந்தனைக்குத் தானும் கட்டுப்பட வேண்டும் என்று 1979இல் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வழக்குத் தொடுத்தவருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை, கொள்கை நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். டெண்டர் திறந்த பிறகு பேரம் பேசுவது ஊழலுக்கு ஊற்றாகிறது என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2007இல் அதற்குத் தடை போட்டது. மிகக் குறைந்த விலை கொடுத்தவரோடு, அதுவும் விதிவிலக்கான சூழலில் மட்டும் பேசலாம்.

அறிவுத் தொழிலுக்கு, மிகக் குறைந்த விலை கொடுத்தவருக்கே வேலை என்ற எல்-1 முறை பொருந்துமா என்பது தனிக் கேள்வி. பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் புரூக்ஸ் சட்டம், மத்திய அரசு கட்டடக்கலைஞரையும் பொறியாளரையும் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகே கட்டணம் பேச வேண்டும் என்கிறது. நம் மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு நிதி விதிகளும் ஆலோசனைப் பணிகளில் தரத்துக்கும் விலைக்கும் சேர்த்து மதிப்பெண் போட அனுமதிக்கின்றன. அனுமதி இருந்தும் குறைந்த விலையையே எடுக்கிறார்கள். கோப்பில் கேள்வி வராது என்பதால்.

தனியாரையும் கட்டக்கூடிய ஒரு கொள்கையைக் கனடாவில் கண்டேன். டெண்டர் கொடுத்த கணமே கேட்டவருக்கும் கொடுத்தவருக்கும் இடையே ஒரு முதல் ஒப்பந்தம் பிறந்துவிடுகிறது, வேலைக்கான ஒப்பந்தம் அதற்கு அப்புறம்தான் என்று 1981இல் ரான் இன்ஜினியரிங் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்று அது ஒப்பந்தக்காரருக்கு எதிராக முடிந்தது. கணக்கில் பிழை செய்த அவர் கட்டிய வைப்புத்தொகை போனது. ஆனால் அதே கொள்கை 1999இல் எதிர்ப்பக்கம் திரும்பியது. விதிக்குப் பொருந்தாத விலைப்புள்ளியை ஏற்றதற்காக, வேலையை இழந்த எம்.ஜே.பி. நிறுவனத்துக்கு இழப்பீடு கிடைத்தது. கேட்பதே ஒரு கடமையை உண்டாக்குகிறது என்ற இந்த எண்ணத்தை நம் சட்டம் தனியாருக்கும் கொண்டுவர வேண்டும் என்று விரும்புகிறேன். சிறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் கூட்டு வட்டி என்று கறாராக இருக்கிறது. அதுவும் வேலையைச் செய்து ஒப்படைத்த பிறகுதான் விழித்துக்கொள்கிறது.

அதுவரை தொழில்காரர் கையில் இருப்பது சின்னச் சின்ன ஏற்பாடுகள். யோசனையை அனுப்பும் மின்னஞ்சலிலேயே ‘இது நம்பிக்கையின் பேரில் தரப்படுகிறது’ என்று ஒரு வரி. டம்மியின் பின்னட்டையில் பெயரும் தேதியும். எத்தனை பேரிடம் கேட்கிறீர்கள், யார் முடிவெடுப்பார், எப்போது என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவது. நேர்மையான பார்ட்டி இதற்குக் கோபித்துக்கொள்வதை நான் பார்த்ததில்லை. டம்மிக்குத் தனிக் கட்டணம் வாங்கி, வேலை கிடைத்தால் பில்லில் கழித்துக்கொள்வது.

இந்தக் கடைசி யோசனையைச் சொன்ன அச்சகக்காரர், என்னோடு வேலை கற்றவர், தனக்கு நடந்ததையும் சொன்னார். ஒரு கோயில் கும்பாபிஷேக மலருக்காக ஒரு பெரியவர் வந்திருக்கிறார். டம்மி போட்டுத்தான் காட்ட வேண்டும் என்றதும், கேட்காமலே பையிலிருந்து பணத்தை எடுத்து மேசையில் வைத்து, “இது அச்சாரம், தம்பி” என்றாராம். பத்து நாள் கழித்து அவரே படியேறி வந்திருக்கிறார். வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. யாருக்கு என்று சொல்லவில்லை; அவர் ரேட்டையும் சொல்லவில்லை. மஞ்சள் பையிலிருந்து டம்மியை எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேசையில் வைத்த பணத்தைப் பற்றிப் பேசாமல், தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாராம்.